அமிலத்தைக் கூடுதலாக ஊற்றினால் வினை வேகமாக நடக்குமா?

மலேசியாவின் பட்டர்வொர்த்தில் படிவம் 4 படிக்கும் மாணவி ஒருத்தி அனுப்பிய கேள்வி இது. துத்தநாகக் குறுணையையும் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தையும் வைத்து நான்கு தடவை சோதனை செய்து, வந்த ஹைட்ரஜனைத் தண்ணீர்த் தொட்டியில் கவிழ்த்த பியூரெட்டில் (அளவுக் கோடு போட்ட கண்ணாடிக் குழாய்) பிடித்து அளந்திருக்கிறாள். முதல் தடவை 2 கிராம் துத்தநாகம், லிட்டருக்கு 0.1 மோல் (துகள்களை எண்ணும் அலகு) செறிவுள்ள அமிலம் 20 மில்லிலிட்டர். இரண்டாவதில் அதே அமிலம் 40 மில்லிலிட்டர். மூன்றாவதில் மறுபடியும் 20 மில்லிலிட்டர், ஆனால் செறிவு 0.2. நான்காவதில் எல்லாம் முதல் சோதனை மாதிரியே, துத்தநாகம் மட்டும் 4 கிராம். முதல் இரண்டு நிமிடத்தில் சேர்ந்த வாயு வரிசையாக 6, 6.5, 12, 10.5 மில்லிலிட்டர். குமிழி நின்றபோது மொத்தம் ஏறக்குறைய 24, 48, 48, 24. அந்த மொத்தத்தில் பாதி சேர எடுத்த நேரம் 5, 10, 5, இரண்டரை நிமிடம்.

"அமிலத்தை இரண்டு மடங்கு ஊற்றியும் வேகம் கூடவில்லை. துத்தநாகத்தின் அளவு வேகத்தைப் பாதிக்காது என்று வகுப்பில் சொன்னார்கள், ஆனால் எனக்குக் கூடியிருக்கிறது. அளவு வேகத்தைப் பாதிக்கிறதா, இல்லையா சார்?" என்று கேட்டிருக்கிறாள்.

உன் எண்களில் தப்பு எதுவும் இல்லையம்மா. நான்கும் ஒன்றுக்கொன்று அழகாக ஒத்துப்போகின்றன. தகராறு 'அளவு' என்ற சொல்லில்தான் இருக்கிறது. எத்தனை கிராம் என்பதையும் அளவு என்கிறோம், எத்தனை மில்லிலிட்டர் என்பதையும் அளவு என்கிறோம், கரைசல் எவ்வளவு கடுமையாக இருக்கிறது என்பதையும் அளவு என்றே சொல்லிவிடுகிறோம். நீ பரீட்சை எழுதும் மலாயில் ஜிசிம், இசி பாடு, கெப்பெகாத்தான் என்று மூன்றுக்கும் தனித்தனிச் சொல். தமிழிலும் நிறை, கனஅளவு, செறிவு என்று இருக்கத்தான் செய்கின்றன. வாய்ப்பேச்சில் மூன்றையும் ஒன்றாகக் கலந்துவிடுகிறோம், அப்புறம் மூளையும் கலந்துவிடுகிறது.

மாமாக் கடையில் 'தே தாரிக் காவ்', அதாவது கடுப்பான தேநீர், என்று கேட்கிறோமே, அந்தக் 'காவ்'தான் செறிவு. பெரிய கிளாஸ் கேட்பது கனஅளவு. பெரிய கிளாஸில் வாங்கினால் கூடுதல் நேரம் குடிக்கலாம். ஒரு மிடறின் கடுப்பு கூடாது. உன் இரண்டாவது சோதனை பெரிய கிளாஸ். மூன்றாவது சோதனை 'காவ்'.

சரி, முதலில் மொத்தக் கணக்கைப் பார்ப்போம், அது சுலபம். ஒரு மோல் துத்தநாகம் இரண்டு மோல் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தோடு வினைபுரிந்தால் ஒரு மோல் ஹைட்ரஜன் வரும். முதல் சோதனையில் உன்னிடம் இருந்த அமிலம் 0.002 மோல். அதிலிருந்து 0.001 மோல் ஹைட்ரஜன்தான் வர முடியும். அறை வெப்பநிலையில் ஒரு மோல் வாயுவுக்கு 24 லிட்டர் என்று பாடநூலில் எடுத்துக்கொள்கிறோம், ஆக 24 மில்லிலிட்டர். இதற்குத் தேவைப்பட்ட துத்தநாகம் எவ்வளவு தெரியுமா? 0.065 கிராம். நீ போட்டதோ 2 கிராம், முப்பது மடங்கு. குமிழி நின்ற பிறகு குடுவைக்குள் பார்த்திருப்பாய், குறுணைகள் போட்டபடியே கிடந்திருக்கும். அமிலம் தீர்ந்துவிட்டது, துத்தநாகம் தீரவில்லை. அதனால் 4 கிராம் போட்டாலும், 40 கிராமே போட்டாலும், 20 மில்லிலிட்டர் அமிலத்திலிருந்து 24 மில்லிலிட்டருக்கு மேல் வாயு கிடைக்காது. நான்காவது சோதனை 24-இலேயே நின்றதற்கு இதுதான் காரணம். இரண்டாவதிலும் மூன்றாவதிலும் அமிலம் 0.004 மோல், ஆகவே இரண்டும் 48-இல் போய் நின்றன.

இடையில் ஒரு சின்ன விஷயம். 24 லிட்டர் என்பது 20 பாகை செல்சியசுக்குப் பொருந்தும் கணக்கு. நம் ஊர் ஆய்வுக்கூடத்தில் மத்தியானம் 30 பாகை இருக்கும், அப்போது ஒரு மோல் வாயு 24.9 லிட்டர் இடத்தை எடுத்துக்கொள்ளும். தண்ணீருக்கு மேலே பிடிப்பதால் கொஞ்சம் நீராவியும் கலந்திருக்கும். இன்னொரு பக்கம், துத்தநாகத்தைப் போட்டு அடைப்பானை அழுத்துவதற்குள் கொஞ்சம் வாயு தப்பிப் போய்விடும். ஒன்று கூட்டும், மற்றது குறைக்கும். ஆகையால் 23 வந்தாலும் 26 வந்தாலும் பதறாதே. பார்த்த எண்ணை அப்படியே எழுது.

இப்போது வேகம். உனக்குத் தெரிந்த ஓர் இடத்தை வைத்தே சொல்கிறேன்.

தைப்பூசத்தன்று தண்ணீர்மலைக்குப் போகும் சாலையில் தண்ணீர்ப் பந்தல் போட்டிருப்பார்கள் அல்லவா, அங்கே ஒரு மேசைக்குப் பின்னால் நீ நிற்பதாக நினைத்துக்கொள். நிமிடத்துக்கு எத்தனை கோப்பை மோர் உன் கையிலிருந்து போகும்? மேசைக்கு முன்னால் கூட்டம் எவ்வளவு நெருக்கமாக வருகிறது என்பதைப் பொறுத்து. பின்னால் கூட்டம் ஒரு கிலோமீட்டர் நீண்டிருக்கிறதா, இரண்டு கிலோமீட்டர் நீண்டிருக்கிறதா என்பது அந்த நிமிடத்தில் உன் கைக்குத் தெரியவே தெரியாது. இரண்டு கிலோமீட்டர் நீண்டிருந்தால் நீ இரண்டு மடங்கு நேரம் நிற்க வேண்டியிருக்கும், கடைசியில் எண்ணிப் பார்த்தால் இரண்டு மடங்கு கோப்பை போயிருக்கும். ஆனால் அதே நீளக் கூட்டம் தோளோடு தோள் உரசி, இரண்டு மடங்கு நெருக்கமாக வந்தால் முதல் நிமிடத்திலேயே உனக்கு மூச்சு வாங்கும்.

கூட்டத்தின் நெருக்கம் செறிவு. கூட்டத்தின் நீளம் கனஅளவு. மேசையின் நீளம் துத்தநாகத்தின் பரப்பு. மொத்தக் கோப்பைகள் மொத்த ஹைட்ரஜன்.

அமிலத்தில் கூட்டமாக இருப்பவை ஹைட்ரஜன் அயனிகள், அதாவது மின்னூட்டம் உள்ள ஹைட்ரஜன் துகள்கள். லிட்டருக்கு 0.1 மோல் செறிவுள்ள ஹைட்ரோகுளோரிக் அமிலத்தின் ஒரே ஒரு மில்லிலிட்டரில் 6-க்குப் பின்னால் 19 சுழியம் போட்டால் எவ்வளவோ அவ்வளவு அயனிகள் இருக்கின்றன. 20 மில்லிலிட்டர் ஊற்றினாலும் 40 ஊற்றினாலும் குறுணையை ஒட்டியிருக்கும் அந்த மெல்லிய படலத்தில் இருக்கும் நெருக்கம் ஒன்றுதான். குறுணையை மோதும் அயனிகளின் எண்ணிக்கையும் ஒன்றுதான். கூடுதலாக ஊற்றியது மேலே நின்று முறைக்குக் காத்திருக்கிறது. செறிவை 0.2 ஆக்கினால் அதே படலத்தில் இரண்டு மடங்கு அயனிகள், இரண்டு மடங்கு மோதல், இரண்டு மடங்கு குமிழி. உன் 6-உம் 12-உம் இதைத்தான் சொல்கின்றன.

மொத்தம் எவ்வளவு, வேகம் எவ்வளவு என்ற இந்த இரண்டு கேள்விகளையும் பிரித்துப் பார்க்க மனிதர்களுக்குக் காலம் பிடித்தது. 1766-இல் லண்டனில் ஹென்றி கேவண்டிஷ் துத்தநாகம், இரும்பு, வெள்ளீயம் ஆகியவற்றை அமிலத்தில் கரைத்து, வரும் 'எரியும் காற்றை' அளந்தார். ஹைட்ரஜன் என்ற பெயரே அப்போது கிடையாது. ஒரு குறிப்பிட்ட எடை துத்தநாகம் முழுக்கக் கரைந்தால், அமிலம் எந்த வலிமையில் இருந்தாலும் கிடைக்கும் காற்று ஒரே அளவுதான் என்று கண்டார். அது மொத்தத்தைப் பற்றிய பதில். பதினோரு வருடம் கழித்து, 1777-இல், கார்ல் பிரீட்ரிக் வென்சல் என்ற ஜெர்மானியர் வேகத்தைப் பற்றிச் சொன்னார்: ஓர் அமிலம் ஒரு மணி நேரத்தில் ஒரு குறிப்பிட்ட எடை செம்பையோ துத்தநாகத்தையோ கரைக்கிறது என்றால், பாதி வலிமையுள்ள அமிலத்துக்கு அதே வேலைக்கு இரண்டு மணி நேரம் ஆகும், ஆனால் உலோகத்தின் பரப்பும் சூடும் மாறாமல் இருக்க வேண்டும். அந்த 'ஆனால்' எவ்வளவு கவனமானது என்று பார். செறிவு, பரப்பு, வெப்பநிலை மூன்றையும் அந்த ஒரே வாக்கியத்தில் வைத்துவிட்டார். அப்புறம் 1864-இல் நார்வேயைச் சேர்ந்த குல்ட்பெர்க்கும் வாகேயும், வினையை நடத்துவது பொருளின் மொத்த எடை அல்ல, ஒரு குறிப்பிட்ட இடத்துக்குள் அது எவ்வளவு இருக்கிறது என்பதுதான் என்று விதியாகவே எழுதினார்கள். நீ 20, 40 என்று ஊற்றிப் பார்த்துக் குழம்பிய இடம் அந்த விதி பிறந்த இடம்.

இப்போது நான்காவது சோதனைக்கு வருகிறேன். உன்னை அதிகம் உறுத்தியதும் அதுதான்.

துத்தநாகத்தின் அளவு வேகத்தைப் பாதிக்காது என்று வகுப்பில் சொன்னதில் ஓர் உண்மை இருக்கிறது. திடப்பொருளுக்குச் செறிவு என்று ஒன்று கிடையாது. துத்தநாகக் கட்டியின் உள்ளே இருக்கும் அணு அமிலத்தைப் பார்ப்பதே இல்லை. மேல்தோலில் இருப்பதுதான் பார்க்கிறது. அதனால் உள்ளே எவ்வளவு இருக்கிறது என்பது வேகத்துக்குப் பொருட்டில்லை. ஒரு சதுர சென்டிமீட்டர் துத்தநாகப் பரப்பில் நொடிக்கு எவ்வளவு வாயு எழும்பும் என்று கேட்டால், 2 கிராமானாலும் 4 கிராமானாலும் பதில் ஒன்றுதான். பாடம் சொல்ல வருவது இது.

ஆனால் நீ அளந்தது ஒரு சதுர சென்டிமீட்டரின் வாயுவை அல்ல, பியூரெட்டில் சேரும் மொத்த வாயுவை. நீ அதே அளவுள்ள குறுணைகளை இரண்டு மடங்கு எண்ணிக்கையில் போட்டாய். குறுணை இரண்டு மடங்கானால் தோலும் இரண்டு மடங்கு. தண்ணீர்ப் பந்தலில் இன்னொரு மேசையை இழுத்துப் போட்ட மாதிரி. ஆகவே வாயு வேகமாக வந்ததில் ஆச்சரியம் இல்லை.

இதையே வேறு விதமாகச் செய்திருந்தால் வேறு விடை வந்திருக்கும். 2 கிராம் எடையுள்ள ஒற்றைக் கட்டிக்குப் பதில் அதே வடிவத்தில் 4 கிராம் ஒற்றைக் கட்டி போட்டிருந்தால் பரப்பு இரண்டு மடங்காகாது, ஏறக்குறைய 1.6 மடங்குதான் ஆகும். எடை மூன்று திசையிலும் வளர்கிறது, தோல் இரண்டு திசையில்தான் வளர்கிறது. 4 கிராம் கட்டியை ஒரு பக்கம் மட்டும் வெளியே தெரியும்படி மெழுகில் பதித்து, அந்தப் பக்கத்தை 2 கிராம் கட்டியின் பக்கத்துக்குச் சமமாக வைத்தால் வேகம் மாறவே மாறாது. மூன்றிலும் 'துத்தநாகத்தின் அளவு இரண்டு மடங்கு' என்றுதான் அறிக்கையில் எழுதுவோம். அதனால்தான் சொல்கிறேன், உலோகத்தைப் பற்றிப் பேசும்போது எத்தனை கிராம் என்று மட்டும் எழுதாமல் என்ன வடிவம், என்ன பருமன் என்றும் எழுது.

ஒரு சென்டிமீட்டர் பக்கமுள்ள கனசதுரத்தின் தோல் 6 சதுர சென்டிமீட்டர். அதையே ஒரு மில்லிமீட்டர் பக்கமுள்ள ஆயிரம் துண்டாக நறுக்கினால் 60. இன்னும் பத்தில் ஒரு பங்கு சிறிதாக்கினால் 600. எடை ஒரு மில்லிகிராம்கூடக் கூடவில்லை. நான் கற்பித்துக்கொண்டிருந்த காலத்தில் ஒரு பள்ளியில் மெக்னீசிய நாடா தீர்ந்துவிட்டது என்று ஒரு பையன் அதே எடைக்கு மெக்னீசியத் தூளைக் கொட்டிவிட்டான். அடைப்பானை வைத்த கையை எடுப்பதற்குள் நுரை குழாய்க்குள் ஏறி, ரப்பர் அடைப்பான் கூரையில் போய் அடித்தது. கண்ணாடி அணிந்திருந்ததால் கண் தப்பியது. எடை சரியாகத்தான் இருந்தது சார் என்று நடுங்கிக்கொண்டே சொன்னான். அவன் சொன்னது உண்மை, எடை சரியாகத்தான் இருந்தது. அன்றிலிருந்து தூள் டப்பாவைத் தனி அலமாரியில் பூட்டி வைத்தேன். நீயும் எங்கே செய்தாலும் கண்ணாடி இல்லாமல் செய்யாதே. பக்கத்தில் நெருப்பு எதுவும் இருக்கக் கூடாது, ஹைட்ரஜன் காற்றோடு கலந்தால் ஒரு பொறி போதும்.

அடுத்து, உன் அட்டவணையில் எனக்கு ரொம்பப் பிடித்த இரண்டு எண்கள்: 6.5-உம் 10.5-உம். இவை அளவீட்டுப் பிழை என்று நீ நினைத்திருக்கலாம். கனஅளவு வேகத்தைப் பாதிக்காது என்றால் இரண்டாவது சோதனையில் சரியாக 6 வந்திருக்க வேண்டும்; பரப்பு இரண்டு மடங்கு என்றால் நான்காவதில் 12 வந்திருக்க வேண்டும். ஏன் 6.5, ஏன் 10.5?

நீ அளந்தது தொடக்க வேகம் அல்ல, முதல் இரண்டு நிமிடத்தின் சராசரி. அந்த இரண்டு நிமிடத்துக்குள் அமிலம் சும்மா இருக்கவில்லை, செலவாகிக்கொண்டே இருந்தது. முதல் சோதனையில் இரண்டு நிமிடம் முடியும்போது 24-இல் 6 வந்துவிட்டது, அதாவது அமிலத்தில் கால் பங்கு காலி. செறிவு 0.1-இலிருந்து 0.075-க்கு இறங்கிவிட்டது. இரண்டாவது சோதனையில் ஏறக்குறைய அதே வாயு வந்தாலும் அமிலம் இரண்டு மடங்கு இருந்ததால் காலியானது எட்டில் ஒரு பங்குக்குச் சற்று மேல்தான். செறிவு மெதுவாக இறங்கியது, வேகமும் மெதுவாகத் தளர்ந்தது, அதனால் 6-க்குப் பதில் 6.5. நான்காவதில் நேர்மாறு. இரண்டு மடங்கு பரப்பு அதே 20 மில்லிலிட்டரைத் தின்றது. இரண்டு நிமிடத்துக்குள் 24-இல் 10.5 போய்விட்டது, அமிலம் பாதிக்கு நெருங்கிவிட்டது. ஓட்டம் 12-க்குரிய வேகத்தில் தொடங்கி, தளர்ந்து, 10.5-இல் முடிந்தது. வேகம் செறிவுக்கு நேர்விகிதத்தில் இருக்கிறது என்று வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன்: இரண்டாவதுக்கு 6.4, மூன்றாவதுக்குச் சரியாக 12, நான்காவதுக்கு 10.5 வருகிறது. உன் கை நல்ல கை.

இதனால்தான் நேரத்துக்கு நேரம் சேர்ந்த வாயுவைக் காட்டும் வரைபடத்தில் சுழியத்திலிருந்து தொடுகோடு வரையச் சொல்கிறோம். தொடக்கத்தில், அமிலம் இன்னும் செலவாகாத அந்தக் கணத்தில், முதல் வரைபடத்துக்கும் இரண்டாவதுக்கும் சரிவு ஒன்றாகவே இருக்கும். அப்புறம்தான் பிரியும்.

பாதி நேரத்தையும் பார். முதலாவதில் 5 நிமிடம், மூன்றாவதிலும் 5. செறிவு இரண்டு மடங்கானால் சீக்கிரம் முடிய வேண்டும் என்றுதான் எல்லோரும் நினைப்போம். வேகம் இரண்டு மடங்குதான், ஆனால் செய்ய வேண்டிய வேலையும் இரண்டு மடங்கு. அதனால் பாதி வழி வர ஒரே நேரம். மூன்றாவது வரைபடம் என்பது முதலாவதை அப்படியே மேல்நோக்கி இரண்டு மடங்கு இழுத்தது. இரண்டாவதில் வேகம் அதே, வேலை இரண்டு மடங்கு, ஆகவே 10 நிமிடம். நான்காவதில் வேலை அதே, வேகம் இரண்டு மடங்கு, ஆகவே இரண்டரை. சோதனை சீக்கிரம் முடிந்ததா என்று பார்த்து வேகத்தைத் தீர்மானிக்கிற பழக்கம் பல பிள்ளைகளிடம் இருக்கிறது. அந்தப் பழக்கத்தில் இருப்பவர்கள் மூன்றாவதைப் பார்த்துச் செறிவுக்கும் வேகத்துக்கும் சம்பந்தம் இல்லை என்று எழுதிவிடுவார்கள். நீ அப்படி எழுதவில்லை.

அமிலத்தின் மோல் ஒன்றாகவே இருந்தும் வேகம் வேறாகும் இன்னொரு வழி உண்டு. உன் தாத்தா பாட்டி காலத்தில் தோட்டத்தில் இருந்தவர்கள் யாராவது வீட்டில் இருந்தால் கேட்டுப் பார், ரப்பர் பாலை உறைய வைக்க பார்மிக் ஆசிட் கலப்பார்கள். அதையும் லிட்டருக்கு 0.1 மோல் என்று கரைத்து, 20 மில்லிலிட்டரில் சுத்தமான மெக்னீசிய நாடாவைப் போதுமான அளவு போட்டால் கடைசியில் அதே 24 மில்லிலிட்டர் ஹைட்ரஜன் வரும். ஆனால் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் போட்ட நாடாவோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தால் குமிழி எவ்வளவு சாதுவாக வருகிறது என்று கண்ணாலேயே தெரியும். பார்மிக் அமிலம் வலிமை குறைந்தது. அந்தச் செறிவில் நூறு மூலக்கூறில் நான்கு போலத்தான் அயனியாகப் பிரிந்திருக்கும். தண்ணீர்ப் பந்தல் கணக்கில் சொன்னால் நூறு பேரில் நான்கு பேர் சாலையில் வருகிறார்கள், மீதி 96 பேர் மரநிழலில் உட்கார்ந்திருக்கிறார்கள். சாலையில் வருபவர் குறையக் குறைய நிழலில் இருப்பவர் எழுந்து வருவார். கடைசியில் நூறு பேரும் மோர் குடித்துவிட்டுத்தான் போவார்கள், ஆனால் மேசையில் நெரிசல் எப்போதும் இருக்காது.

வெப்பநிலையைப் பற்றிச் சுருக்கமாக. அமிலத்தின் கனஅளவு வேகத்தைப் பாதிக்காது என்று சொன்னேன் அல்லவா, மெக்னீசியத்தில் அதை அப்படியே நம்பிவிடாதே. மெக்னீசியம் கரையும்போது மோலுக்கு 467 கிலோஜூல் வெப்பம் வருகிறது, துத்தநாகத்துக்கு 154-தான். 0.05 கிராம் மெக்னீசிய நாடா 20 மில்லிலிட்டர் கடும் அமிலத்தில் கரைந்தால் கரைசல் 11 பாகைக்கு மேல் சூடாகும். 40 மில்லிலிட்டரில் கரைந்தால் 6 பாகைகூட ஏறாது. சூடு ஏறினால் வேகமும் ஏறும். ஆக, குறைவாக ஊற்றிய குடுவையில் வினை வேகமாக நடப்பதைக்கூடப் பார்க்கலாம்! செறிவு காரணமல்ல, சூடு காரணம். உன் துத்தநாகச் சோதனைகளில் ஏற்றம் முதலாவதிலும் இரண்டாவதிலும் நான்காவதிலும் 2 பாகைக்குள், மூன்றாவதில் 4 பாகைக்குள்தான். அதனால் தொல்லை தரவில்லை. ஆனால் காலையில் இரண்டு சோதனை, மத்தியான வெயிலில் இரண்டு சோதனை என்று செய்துவிடாதே. ஏர்கான் இல்லாத ஆய்வுக்கூடத்தில் காலைக்கும் மத்தியானத்துக்கும் உள்ள வித்தியாசமே கணக்கைக் கெடுத்துவிடும்.

உலோகத்தின் சுத்தமும் அப்படித்தான். மெக்னீசிய நாடாவின் மேல் ஆக்சைடு படிந்திருக்கும். உப்புத்தாளால் தேய்த்துப் பளபளவென்று ஆக்கிவிட்டுப் போடு, இல்லாவிட்டால் முதல் சில நொடி குமிழி தயங்கும், வரைபடத்தின் அடி வளைந்துவிடும். துத்தநாகத்தில் இன்னொரு விசித்திரம், மிகச் சுத்தமான துத்தநாகம் மெதுவாகத்தான் கரையும், கலப்புள்ளது வேகமாகக் கரையும். 1830-இலேயே தெ லா ரீவ் என்ற சுவிஸ் இயற்பியலாளர் இதைக் கவனித்திருக்கிறார். வேறு உலோகத்தின் துணுக்கு ஒட்டியிருந்தால் அந்த இடம் சின்ன மின்கலம் மாதிரி வேலை செய்து ஹைட்ரஜனை எளிதாக வெளியே விடும். காப்பர் சல்பேட் சில துளி விட்டால் குமிழி பொங்குவதும் இதனால்தான். ஆகவே நான்கு சோதனைக்கும் ஒரே டப்பாத் துத்தநாகத்தை எடு.

அறிக்கையில் எப்படி எழுதுவது என்றும் கேட்டிருந்தாய். 'அளவு' என்ற சொல்லையே தொடாதே. அமிலத்தின் செறிவு கூடியபோது தொடக்க வேகமும் மொத்த வாயுவும் கூடின. கனஅளவு கூடியபோது தொடக்க வேகம் மாறவில்லை, மொத்த வாயு கூடியது. மிகுதியாக இருந்த துத்தநாகத்தின் குறுணை எண்ணிக்கை கூடியபோது பரப்பு கூடியதால் தொடக்க வேகம் கூடியது, மொத்த வாயு மாறவில்லை. மூன்று வரி போதும். பரீட்சையில் பெரும்பாலும் கேட்பது முதல் இரண்டைத்தான். மூன்றாவதைக் கேட்டால், கேள்வியில் பரப்பைப் பற்றி என்ன சொல்லியிருக்கிறார்கள் என்று ஒரு தடவைக்கு இரண்டு தடவை படி.

உனக்கு ஆய்வுக்கூடத்தில் இன்னொரு மணி நேரம் கிடைத்தால் ஐந்தாவதாக ஒன்று செய்து பார். லிட்டருக்கு 0.1 மோல் அமிலம் 40 மில்லிலிட்டர், துத்தநாகம் 4 கிராம். அமிலமும் இரண்டு மடங்கு, பரப்பும் இரண்டு மடங்கு, செறிவு மட்டும் முதலாவதுபோல. அகலமான அடியுள்ள குடுவையை எடுத்து, குறுணைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் ஒரே அடுக்காகப் பரப்பு. ஏறிக் கிடந்தால் நடுவில் இருப்பதன் தோல் மறைந்துவிடும். அந்த வரைபடத்தை வரைந்து, மூன்றாவது சோதனையின் வரைபடத்தின் மேல் வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார். முதல் இரண்டு நிமிடத்தில் 12, மொத்தம் 48, பாதி வர 5 நிமிடம். இரண்டு கோடும் ஒன்றன்மேல் ஒன்று உட்கார வேண்டும். உட்கார்ந்ததா, எங்கே விலகியது என்று எனக்கு எழுது.